வரப்பில் ஏழு பனைகள்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், பனம்பழம் விழுந்து ஓய்ந்த ஒரு புரட்டாசி மாதத்தில், நண்பர் ஒருவருடைய நிலத்தின் வரப்பில் 20 பனங்கொட்டைகளை நட்டேன். நட்டேன் என்பதுகூடச் சற்றுப் பெரிய சொல்தான். கடப்பாரையால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி போட்டு, நார் உலர்ந்து கிடந்த கொட்டையை அதில் கிடத்தி, மண்ணைத் தள்ளி, குதிகாலால் ஒரு மிதி மிதித்துவிட்டு அடுத்த குழிக்கு நகர்ந்தேன். தண்ணீர் ஊற்றவில்லை; வேலி கட்டவில்லை; மறுநாள் போய்ப் பார்க்கவும் இல்லை. ஒரு பிற்பகலில் அந்த வேலை முடிந்துபோனது. அதற்குப் பிறகு அந்த வரப்பில் நடந்த எதிலும் எனக்குப் பங்கு இல்லை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

பனை முளைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது முதலில் மேலே வருவதில்லை. கொட்டையிலிருந்து ஒரு தண்டு மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்கும். கொட்டைக்குள் இருக்கும் உணவு முழுவதையும் அந்தத் தண்டின் வழியாகக் கீழே கொண்டுபோய்க் கிழங்காகச் சேர்த்துவைத்துக்கொள்ளும். அதன் பிறகுதான், மாதங்கள் கழித்து, ஒற்றை இலை ஒன்று வாள் முனைபோல மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அப்படி வெளியே வந்த பிறகும் பல ஆண்டுகள் அது மரம்போல இருக்காது. ஓலைகள் மட்டும் தரையிலிருந்து விரிந்து நிற்க, தண்டு மண்ணுக்கடியில் பருத்துக்கொண்டிருக்கும். அந்தப் பருவத்துக்கு வடலி என்று பெயர். என்னுடைய இருபதில் மூன்று முளைக்கவே இல்லை. ஆறு கொட்டைகளை, அந்தத் தை மாதத்திலேயே, கிழங்குக்காக யாரோ தோண்டி எடுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, பனங்கிழங்கின் மணம் அப்படிப்பட்டது. நான்கு, வரப்பை அகலப்படுத்த வந்த மண்வாரி இயந்திரத்தின் அடியில் போயின. மீதி ஏழு.

அந்த ஏழைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நாலடியாரின் ஒரு வெண்பா நினைவுக்கு வரும். நட்பைப் பற்றிய பாட்டு அது.

கடையாயார் நட்பிற் கமுகனையர் ஏனை
இடையாயார் தெங்கின் அனையர் தலையாயார்
எண்ணரும் பெண்ணைபோன்று இட்டஞான்று இட்டதே
தொன்மை யுடையார் தொடர்பு.

கமுகுக்கு நாள்தோறும் நீர் வேண்டும். தென்னைக்கு அவ்வப்போது வேண்டும். பனைக்கோ, நட்ட அன்று இட்டது எதுவோ அதுவே கடைசிவரைக்கும். பெண்ணை என்பது பனை. இந்த மூன்று மரங்களையும் நட்டு வளர்த்த ஒருவர்தான் இதைப் பாடியிருக்க முடியும் என்று எனக்குப் படுகிறது. நட்பை விளக்க மரத்தை எடுத்த பாட்டு என்றுதான் உரையாசிரியர்கள் சொல்வார்கள். நான் அதைத் தலைகீழாகவே படித்துவந்திருக்கிறேன்; மரம் நடுவதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகத் துல்லியமான குறிப்பு இது. நடுகிறவர் எவ்வளவு காலம் மரத்தோடு இருக்க வேண்டியிருக்கும் என்பதை வைத்து மரங்களைத் தரம் பிரிக்கிறது. அதில் விசித்திரம் என்னவென்றால், நம்மிடம் எதுவும் கேட்காத மரம்தான் நமக்கு மிகவும் தாமதமாகத் தருகிறது. ‘தென்னை நட்டவன் தின்றுவிட்டுச் சாவான், பனை நட்டவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்ற பழமொழி, வெண்பா சொல்லாமல் விட்ட மற்றொரு பாதியைச் சொல்லிவிடுகிறது.

பார்த்துவிட்டு என்ற சொல்லில்தான் இந்தக் கட்டுரைக்கான விஷயமே இருக்கிறது. மரம் நடுதலின் பெருமையைப் பேசும்போது நாம் வழக்கமாகப் பயன்களை வரிசைப்படுத்துகிறோம்: நிழல், மழை, காற்று, கனி, மரச்சாமான். தமிழ்ப் பாட்டுகளைத் தொடர்ந்து படித்துவந்தால், அவற்றில் மிகச் சிறந்தவை இந்த வரிசையைச் சொல்வதில்லை என்பது தெரியவரும். நட்டவருக்கும் மரத்துக்கும் இடையே விழும் காலத்தைத்தான் அவை திரும்பத் திரும்பத் தொடுகின்றன. நட்டவர் பெரும்பாலும் அந்தப் பாட்டில் இருப்பதே இல்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதில் நட்டவர்கள் பேசவே செய்கிறார்கள். நற்றிணையின் 172ஆம் பாட்டு. பாடியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கடற்கரையில், புன்னை மரத்தடியில், பகலில் தலைவியைச் சந்திக்க ஒருவன் வருகிறான். அவனிடம் தோழி பேசுகிறாள்.

விளையாடு ஆயமொடு வெண்மணல் அழுத்தி
மறந்தனம் துறந்த காழ்முளை அகைய
நெய்பெய் தீம்பால் பெய்துஇனிது வளர்த்தது
நும்மினும் சிறந்தது நுவ்வை ஆகும்என்று
அன்னை கூறினள் புன்னையது நலனே

சிறு வயதில் தோழிகளோடு விளையாடும்போது ஒரு புன்னை விதையை வெண்மணலில் அழுத்தினோம், பிறகு மறந்து போய்விட்டோம், அது முளைத்துவிட்டது, அதற்கு நெய் கலந்த இனிய பாலை ஊற்றி வளர்த்தார்கள், ‘இது உங்களைவிடச் சிறந்தது, இது உங்கள் உடன்பிறப்பு’ என்று அம்மா சொல்வாள். ஆகவே இதன் அடியில் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது என்கிறாள் தோழி. நீ விரும்பினால், ‘இறைபடு நீழல் பிறவுமார் உளவே’, தங்குவதற்கு வேறு நிழல்களும் இருக்கின்றன.

புன்னை விதையைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த ‘அழுத்தி’ என்ற சொல் உடனே புரியும். கோலிக்குண்டு அளவில், உருண்டையாக, கடினமான ஓட்டோடு இருக்கும் அது. சில ஊர்ப் பிள்ளைகள் அதை வைத்தே கோலி ஆடுவார்கள். ஆட்டம் முடிந்து கிளம்பும்போது கட்டை விரலால் ஒன்றை ஈர மணலுக்குள் அமுக்கிவிட்டுப் போவது எந்தக் குழந்தையும் செய்யக்கூடியது. ஓடு கடினம் என்பதால் அது முளைக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். உடைத்து நட்டால் அதில் பாதிக் காலம்கூட ஆகாது. விளையாட்டில் அழுத்திய விதையை எந்தக் குழந்தையும் இரண்டு மாதம் நினைவில் வைத்திருக்காது. ‘மறந்தனம் துறந்த’ என்று அந்தப் பெண் சொல்வதில் பொய்யடக்கம் இல்லை. விதையின் இயல்பே அவர்களை மறக்க வைத்திருக்கிறது.

கடற்கரை மணலில் புன்னைக்குப் பாலும் நெய்யும் தேவையில்லை. உப்புக் காற்றையும் வறண்ட மணலையும் தாங்கி வளரும் மரம் அது. அந்தப் பால் யாருடைய தேவைக்காக ஊற்றப்பட்டது என்று யோசித்தால், பாட்டு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. விதைத்தது பிள்ளைகள், மறந்ததும் பிள்ளைகள், முளையைக் கண்டெடுத்து வளர்த்ததைக் கொண்டாடியது அம்மா. நட்டவரும் வளர்த்தவரும் வேறு வேறு ஆட்கள். உறவுப் பெயரைச் சூட்டும் உரிமை வளர்த்தவளுக்கே கிடைக்கிறது. நட்டதற்காக அந்தப் பெண்களை இந்தப் பாட்டில் யாரும் ஒரு சொல்கூடப் பாராட்டவில்லை. மாறாக, ‘உங்களைவிட இது மேல்’ என்று ஒரு குட்டுதான் கிடைக்கிறது!

இன்னும் ஒன்று. நிழலுக்காக மரம் நடுகிறோம் என்பது உலகம் ஒப்புக்கொண்ட காரணம். இந்தப் பாட்டிலோ, தாங்களே விதைத்த மரம் என்பதாலேயே அதன் நிழலைப் பயன்படுத்திக்கொள்ள முடியாமல் போகிறது. வேறு நிழல் தேடு என்கிறார்கள். பயன் உறவாக மாறும்போது பயன் கைநழுவிப் போகும் என்பதை இவ்வளவு இலேசாக, ஒரு காதல் சந்திப்பை இடம் மாற்றும் சாக்கில் சொல்லிவிட்டுப் போன அந்தப் பெயர் தெரியாத புலவரை நான் வணங்குகிறேன்.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அமெரிக்கக் கவிதை உண்டு. ஹென்றி அபே என்பவர் எழுதியது. 1842 முதல் 1911 வரை வாழ்ந்தவர். மரம் நடும் நாள் என்ற கொண்டாட்டம் 1872 ஏப்ரல் 10 அன்று நெப்ராஸ்காவில் தொடங்கிய பிறகு, பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் பாட்டுகளில் ஒன்றாக அது ஆயிற்று. மரத்தை நடும்போது நாம் எதை நடுகிறோம் என்று கேட்டு, ஒவ்வொரு பத்தியிலும் விடை சொல்லிக்கொண்டே போகிறது. கப்பலை நடுகிறோம், பாய்மரத்தை நடுகிறோம், பலகைகளை நடுகிறோம். வீட்டை நடுகிறோம், உத்தரத்தையும் கதவையும் நடுகிறோம். கோபுர முனையை, கொடிக்கம்பத்தை நடுகிறோம். இவ்வளவும் முடிந்து, கவிதை முடியப்போகும் இடத்தில்தான், வெயிலிலிருந்து காக்கும் நிழலையும் நடுகிறோம் என்று வருகிறது. குளிர் நாட்டுக் கவிஞருக்கு நிழல் பட்டியலின் கடைசிப் பொருள். அதோடு அவருடைய பட்டியலில் மற்ற அனைத்தும் மரத்தை வெட்டிய பின்பே கிடைப்பவை. நல்ல ஓசையுள்ள பாட்டுதான். ஆனால் அதைப் படிக்கும்போது தச்சுப்பட்டறையில் நிற்பதுபோல இருக்கிறது.

மேற்கிலும் வேறு விதமாகப் பாடியவர்கள் உண்டு. விதையிலிருந்து எழும் மரம் மெதுவாகத்தான் வரும், பின்னால் வரப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு நிழலாகும் என்று இலத்தீனில் வர்ஜில் பாடியிருக்கிறார். நம்முடைய பனைப் பழமொழியோடு அவருக்குச் சண்டை எதுவும் இருக்காது. நட்டதைத் தன் வாயால் சொன்னவர் என்றால் அசோகர். தில்லியில் நிற்கும் தோப்ரா தூணில் பொறித்த ஏழாம் தூண் சாசனத்தில், விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் நிழல் தருவதற்காகச் சாலைகளில் ஆல மரங்களை நடச்செய்தேன், மாந்தோப்புகளை உண்டாக்கினேன் என்கிறார். அது கவிதை இல்லை, அரசாணை. ஆனால் அதில் மனிதர்களுக்கு முன் விலங்குகளைச் சொல்லும் வரிசை கவிதைக்கு உரியது. அடுத்தாற்போல, இவை சிறிய காரியங்கள்தான், எனக்கு முன்னிருந்த அரசர்களும் இவற்றைச் செய்திருக்கிறார்கள் என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

நம் பக்கத்தில் மரம் நடுவதை வெளிப்படையாக அறப் பட்டியலில் சேர்த்தவர் சிறுபஞ்சமூலத்தின் காரியாசான். சொர்க்கத்துக்குப் போக ஐந்து வேலைகளைச் சொல்லும் அவருடைய வெண்பா, ‘குளந்தொட்டுக் கோடு பதித்து வழிசீத்து’ என்று தொடங்குகிறது. குளம் வெட்டுவதற்கும் வழி திருத்துவதற்கும் நடுவில் கிளை நடுதல். விதை என்றோ கன்று என்றோ சொல்லாமல் கோடு என்று, அதாவது கிளை என்று அவர் சொன்னதை நான் நீண்ட நாள் கவனிக்காமல் கடந்துவந்தேன். ஒரு முறை பூவரசம் போத்து நடுவதைக் கூட இருந்து பார்த்த பிறகுதான் அந்தச் சொல் உறைத்தது. கை மணிக்கட்டுப் பருமனில், ஆள் உயரத்துக்கு ஒரு கிளையை வெட்டி, அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவி, குழியில் இறக்கி மண்ணை இடித்து நிறுத்தினார்கள். மேல் வெட்டு வாயில் ஈரச் சாணத்தை உருண்டையாக அப்பினார்கள்; வெயிலில் நுனி காய்ந்து வெடித்துவிடாமல் இருக்க. தலையில் சாணி உருண்டையோடு, இலை ஒன்றுகூட இல்லாமல், நட்டுவைத்த ஒரு கழி. மூன்று வாரத்தில் கணுக்களில் பச்சை தெரிந்தது. ஆலும் அரசும்கூட இப்படிப் போத்தில் வருபவை. ஆடு மாடு எட்டாத உயரத்திலேயே துளிர்க்கும் என்பதால் குளக்கரைக்கும் வழிநடைக்கும் இதுவே ஏற்ற முறை. காரியாசான் அதைத் தெரிந்துதான் கோடு என்றார் என்று நம்ப விரும்புகிறேன்.

இப்போதைய மரம் நடும் விழாக்களில் போத்துக்கு இடமில்லை. படத்தில் அழகாக இருக்காது. கன்றுதான் வேண்டும், அதுவும் ஜூன் 5 அன்று வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் அழைப்பில் அப்படி ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். நூறு கன்றுகள், நூறு இரும்புக் கூண்டுகள், கூண்டுக்கு ஒரு பெயர்ப் பலகை. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில்தான் கொட்டும். ஜூன் மாத வெயிலில் நட்ட கன்றை நான்கு மாதம் குடம் தூக்கிக் காப்பாற்ற ஆள் வேண்டும். ஆள் இல்லை. மார்கழியில் அந்தப் பக்கம் போனபோது ஒரு கூண்டுக்குள் கையை விட்டுக் காய்ந்த குச்சியைப் பிடித்து இழுத்தேன். கறுப்பு நெகிழிப் பையோடு முழுதாக வந்தது. பையைக் கிழிக்காமலே நட்டிருக்கிறார்கள். உள்ளே வேர், வெளியேற வழி தேடி, பையின் உட்சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி, கட்டிவைத்த நூற்கண்டுபோல இருந்தது. பெயர்ப் பலகை மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. கமுகு நட்பு என்று நாலடியார் சொன்னதை விடவும் கீழான ஒரு வகை உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மரத்தின் மதிப்பை அது வெட்டப்படும் நேரத்தில் பேசிய பாட்டுகளும் நம்மிடம் உண்டு. சங்க காலத்தில் ஒவ்வொரு அரசனுக்கும் ஒரு காவல் மரம், கடிமரம் என்பார்கள். பகைவன் படையெடுத்து வந்தால் முதலில் அதை வெட்டுவான். புறநானூற்றின் 36ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், கொல்லன் அரத்தால் தீட்டிய கோடரி காவுதோறும் கடிமரங்களை வெட்டும் ஓசை அரண்மனைக்குள் கேட்கிறது, அதைக் கேட்டுக்கொண்டும் உள்ளே சுகமாக உட்கார்ந்திருக்கிறானே ஒருவன், அவனோடு போர் செய்வது உனக்கு வெட்கம் என்று கிள்ளிவளவனிடம் சொல்கிறார். மரம் விழும் ஓசை கேட்டும் எழுந்து வராதவன் ஓர் எதிரியாகக்கூட மதிக்கத்தக்கவன் இல்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது 57ஆம் பாட்டு. காரிக்கண்ணனார் பாண்டியன் நன்மாறனிடம் கெஞ்சுகிறார். பிறர் நாட்டைக் கைப்பற்றும்போது அவர்கள் வயலை உன் வீரர்கள் கொள்ளையடித்தாலும் அடிக்கட்டும். பேரூரைத் தீ தின்றாலும் தின்னட்டும். உன் வேல் பகைவரை அழித்தாலும் அழிக்கட்டும். ஆனால் ‘கடிமரம் தடிதல் ஓம்பு’, காவல் மரங்களை மட்டும் வெட்டிவிடாதே. ஏன்? ‘நின் நெடுநல் யானைக்குக் கந்தாற் றாவே’. உன் பெரிய யானைகளைக் கட்டுவதற்கான தூணாக அவை தாங்கமாட்டாவாம்! இது காரணமே இல்லை என்பது புலவருக்கும் தெரியும், மன்னனுக்கும் தெரிந்திருக்கும். மரத்தை விட்டுவிடு என்று நேராகச் சொன்னால் வெற்றிக் களிப்பில் இருப்பவன் கேட்கமாட்டான். உன் யானைக்குத்தான் வசதிக் குறைவு என்று சொன்னால் ஒருவேளை கேட்பான். மரத்தைக் காப்பாற்ற அதிகாரத்திடம் அதற்குப் புரியும் மொழியில் பொய்க் காரணம் சொல்ல வேண்டியிருந்த முதல் ஆள் அவராக இருக்கலாம். நெல் மறு ஆண்டு விளையும், ஊரை மறுபடி கட்டிக்கொள்ளலாம், மரத்துக்கு மட்டும் அப்படி ஒரு மறு ஆண்டு கிடையாது என்பதுதான் சொல்லாமல் விட்ட காரணம் என்று நான் வாசித்துக்கொள்கிறேன்.

பனைக்குத் திரும்புகிறேன். நாலடியார் தலைக்கு மேல் தூக்கிவைத்த பனையைப் பின்னால் ஒருவர் கீழே இறக்கினார். அதிவீரராம பாண்டியரின் வெற்றி வேற்கை, பனையின் பெரிய விதை வானளாவ வளர்ந்தாலும் ‘ஒருவர்க்கு இருக்க நிழலாகாதே’ என்கிறது. அதற்கு நேர் எதிராக ஆலம் விதை: ‘தெண்ணீர்க் கயத்துள் சிறுமீன் சினையினும் நுண்ணிதே ஆயினும்’, யானை, தேர், குதிரை, காலாள் என்று நால்வகைப் படையோடு ஓர் அரசனே தங்குவதற்கு நிழலாகும். சிறு மீனின் சினையைவிட நுண்ணியது என்ற உவமை கண்ணுக்கு முன் நிற்கிறது. ஆலம் பழத்தைப் பிட்டு நகத்தில் தடவிப் பார்த்தவருக்கு அதில் மிகை இல்லை. ஆனால் பனைக்கு அவர் செய்தது அநியாயம். நிழலை ஒன்றை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் பனை தோற்கத்தான் செய்யும். நிழல் தராததனால்தான் அதை வயல் வரப்பில் வைக்க முடிகிறது. பயிரின் வெயிலை அது பறிக்காது.

அதோடு, இரண்டு மரங்களையும் எதிரெதிராக நிறுத்திய அந்த நூல் ஒரு காட்சியை விட்டுவிட்டது. ஆலை மனிதர் விதையாக நடுவது அரிது, பறவைதான் நடுகிறது. பழத்தைத் தின்று, எச்சத்தோடு விதையை அது போடும் இடங்களில் பனையின் கருக்குமட்டை இடுக்கு முக்கியமானது. அங்கே சேர்ந்த தூசியிலும் ஈரத்திலும் ஆலங்கன்று முளைத்து, வேரைப் பனையின் உடல்வழியே கீழே இறக்கி, மண்ணைத் தொட்ட பிறகு பருத்து, பனையைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். ஆலின் நடுவில் தலை மட்டும் தெரிய நிற்கும் பனையைப் பல சாலைகளில் பார்க்கலாம். மன்னனும் படையும் தங்கும் நிழலைப் பெற்றுத் தன் இடுப்பில் வைத்து வளர்த்தது, ஒருவருக்கும் நிழலாகாது என்று பழிக்கப்பட்ட அதே பனை.

ஆலைப் பற்றி நம் புலவர்கள் கண்ட வேறொன்று, நிழலையும்விடப் பெரியது. சிதல் தின்ற ஆலமரத்தை அதன் விழுது தாங்குவதுபோல, தளர்ந்த தந்தையை மகன் தாங்குவான் என்கிறது நாலடியாரின் மற்றொரு வெண்பா. அதற்கும் முன்னால் புறநானூற்றின் 58ஆம் பாட்டில் அதே காரிக்கண்ணனார், ‘முழுமுதல் தொலைந்த கோளி ஆலத்துக் கொழுநிழல் நெடுஞ்சினை வீழ்பொறுத் தாங்கு’ என்று பாடியிருக்கிறார். அடிமரம் முழுதும் அழிந்துபோன ஆலத்தின் நீண்ட கிளையை விழுது தாங்குவதுபோல, முன்னோர் மாண்ட பின் தன் குடியைத் தாங்குகிறானாம் பாண்டியன். முழுமுதல் தொலைந்த பிறகும் கொழுநிழல் இருக்கிறது என்பதுதான் இதில் வியப்பு. இது கற்பனை இல்லை. கொல்கத்தாவுக்கு அருகில் சிவபூர் தாவரவியல் தோட்டத்தில் நிற்கும் பெரிய ஆலமரம் 1864, 1867 ஆண்டுப் புயல்களில் அடிபட்டு, அடிமரம் பூஞ்சை பிடித்து அழுகியதால், 1925இல் அதை வெட்டி அகற்றினார்கள். இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளின் மேல் அந்த மரம் ஒரு தோப்பாக நிற்கிறது; நடுவில் அடிமரம் இருந்த இடம் வெறும் இடம். சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலின் அடிமரமும் 1989இல் ஒரு புயலில் சாய்ந்துபோனது, விழுதுகள் நிற்கின்றன. அப்படிப்பட்ட மரத்தில் ‘நட்ட மரம்’ எது என்று கேட்டால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. நட்டவரும் இல்லை, நடப்பட்டதும் இல்லை. நிழல் இருக்கிறது.

நடுவது எல்லாமே நன்மை என்று சொல்லிவிட முடியாது என்பதையும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறேன். ‘நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று’ என்ற குறள், உதவாதவன் செல்வத்துக்குச் சொன்ன உவமை; ஆனால் விறகுக்கும் வேலிக்கும் ஆகுமென்று நல்லெண்ணத்தோடு விதைத்துவிட்டு, இன்று கண்மாய்க்குள்ளும் கால்வாய்க்குள்ளும் இறங்கி வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கும் சீமைக் கருவேலத்தை நினைக்காமல் அந்தக் குறளை என்னால் படிக்க முடிவதில்லை.

காணி நிலம் கேட்ட பாரதி, கேணி அருகில் பத்துப் பன்னிரண்டு தென்னை மரம் வேண்டும் என்று பராசக்தியிடம் கேட்டார். தென்னங்கன்று வேண்டும் என்று கேட்கவில்லை. கீற்றும் இளநீரும் தயாராக உள்ள மரமாகவே வேண்டும். பொறுமையில்லாத அந்த விண்ணப்பத்தை நான் மிகவும் நேசிக்கிறேன். ஏனென்றால் வரப்புக்குப் போகும் ஒவ்வொரு முறையும் என் மனத்திலும் அதுதான் ஓடும்.

கடந்த பங்குனியில் போனபோது, ஏழில் ஒன்று பாளை விட்டிருந்தது. பனை ஆணா பெண்ணா என்பது பாளை வரும்வரை நட்டவருக்கும் தெரியாது, ஏறுபவருக்கும் தெரியாது. கூட வந்திருந்த பனையேறிப் பெரியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அலகு தம்பி” என்றார். ஆண் பனை. நுங்கு இல்லை, பழம் இல்லை. பதினைந்து ஆண்டுகள் காத்திருந்ததற்கு விரல் விரலாகத் தொங்கும் பூந்தண்டுகள்தான் கிடைத்தன. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அலகுலயும் பதநீ இறங்கும், ஏன் வருத்தப்படுறீங்க?” என்றார். பிறகு மூன்றாவது பனையைக் காட்டினார். ஆளுயரத்துக்கு மேல், கருக்குமட்டை இடுக்கில், நான்கு இலைகளோடு ஓர் ஆலங்கன்று. “இதை இப்பவே எடுத்துட்டாப் பனை பிழைக்கும். விட்டுட்டா இருபது வருசத்துல பனையைக் காண முடியாது. என்ன செய்ய, ஐயா சொல்லுங்க.” அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

எடுத்துவிடுங்கள் என்றேன். வேர் அறுந்துபோகாமல் மட்டையைப் பிளந்து அவர் கன்றை எடுத்துக் கொடுத்தார். ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஒரு மண்தொட்டியில் வைத்தேன். இரண்டு இலை உதிர்ந்தது, மூன்று புதிதாக வந்திருக்கிறது. மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை நடுவதற்கு இடம் கேட்டு இதுவரை நான்கு பேரிடம் பேசிவிட்டேன். கன்று ஒன்றுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆலங்கன்று என்று சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே வருவதில்லை.